தாங்கிய கரம்

வெறுங்காலுடன் பயிலப்படும் ஜூடோ எனும் மற்கலையை ஜப்பானியப் பேரறிஞர் ஜிகோரோ கானோ 1882-இல் நிறுவினார். எதிரியைத் தூக்கியெறியும் வீரனுக்கு ஊன்றிய காலே உயிர். கெண்டைத்தசை கிழிந்தால் குதிகால் எழும்பாது, கணுக்கால் உந்தாது, கைவலிமை இருந்தும் பயனில்லை.

1984 ஆகஸ்டு 11-ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இந்நிலையே யசுஹிரோ யமஷித்தாவுக்கு நேர்ந்தது. 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்கை ஜப்பான் புறக்கணித்தமையால் வாய்ப்பிழந்து காத்திருந்தவர் அவர். எடைவரம்பற்ற பிரிவின் தொடக்கச் சுற்றொன்றில் அவரது வலக்கால் கெண்டைத்தசை கிழிந்தது. இடப்புறமாக எறியும் அவருக்கு அதுவே ஊன்றுகால். நொண்டியவாறே அரையிறுதியை வென்றார். இறுதியில் எதிர்நின்றவர், மிஸ்று நாட்டு இஸ்கந்தரிய்யா நகரின் முஹம்மது அலி ரஷ்வான்.

ஒரு நிமிடத்தைச் சற்றே கடந்த பொழுதில் ரஷ்வானைத் தரையில் அமுக்கி யமஷித்தா தங்கம் வென்றார். புண்பட்ட காலைக் குறிவைப்பது தம் கொள்கைக்கு ஒவ்வாது என்றார் ரஷ்வான். அப்பண்பைப் போற்றிப் பன்னாட்டு விருது வந்தது. ஜப்பானிய அரசும் 2019-இல் உதயசூரியன் விருதளித்தது.

அவரது தாக்குதல் அக்காலை விலக்கவில்லை என வாதிடுவோரும் உளர். நிய்யத்தை அளக்கும் கோல் நம்மிடம் இல்லை. ஆனால், பரிசுமேடையேறத் தடுமாறிய யமஷித்தாவை, தோற்ற ரஷ்வான் கைகொடுத்துத் தாங்கியதை உலகமே கண்டது. நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லவேண்டிய கதைகளுள் இவ்வெள்ளிப் பதக்கத்தின் கதையும் ஒன்று.