ஆளுநர் பதவியும் இராஜாஜியும்: ஒரு வரலாற்று நோக்கு

சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியாரைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அவரை விடுதலைப் போராட்டத் தலைவராகவும் எழுத்தாளராகவும் காட்டுகின்றன. ஆளுநர் என்னும் ஒரு பதவியை மையமாக வைத்து அவர் வாழ்வை நோக்கினால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. அப்பதவியின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்த முயன்றவர், அப்பதவியை வகித்தவர், அதன் அதிகாரத்தால் ஆட்சிக்கு வந்தவர் என மூன்று நிலைகளிலும் அவரைக் காண்கிறோம்.

1878-ஆம் ஆண்டு தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி, சென்னையில் சட்டம் பயின்று, 1900-இல் சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார். 1917-இல் அந்நகராட்சியின் தலைவரானார். நன்கு வருவாய் தந்த அத்தொழிலை ஒத்துழையாமை இயக்கத்தின்போது துறந்தார். எனினும், சட்டத்தின் சொற்களை நுணுகிப் பார்க்கும் பயிற்சி அவரைவிட்டு நீங்கவில்லை.

1937 தேர்தலில் சென்னை மாகாணத்தின் 215 இடங்களில் 159 இடங்களைக் காங்கிரசு வென்றது. ஆயினும் அது உடனே பதவியேற்கவில்லை. 1935-ஆம் ஆண்டுச் சட்டம் ஆளுநர்களுக்குச் சிறப்பு அதிகாரங்களை வழங்கியிருந்தது. அவற்றைக் கொண்டு அன்றாட ஆட்சியில் தலையிடுவதில்லை என்ற உறுதிமொழியைக் காங்கிரசு கோரியது. சூன் மாதம் அரசப் பிரதிநிதி லின்லித்கோ அளித்த விளக்கத்திற்குப் பின்னரே, சூலை 14-ஆம் நாள் இராஜாஜி பிரதமர் பொறுப்பை ஏற்றார்.

பத்தாண்டுகளுக்குப் பின், 1947 ஆகஸ்டு 15-இல், பிரிவினையால் சிதைந்த மேற்கு வங்காளத்தின் ஆளுநரானார். 1948 சனவரியில் பிரபுல்ல சந்திர கோஷ் விலகி விதான் சந்திர ராய் முதலமைச்சரானபோது, அம்மாற்றம் காங்கிரசுச் சட்டமன்றக் கட்சிக்குள்ளேயே முடிவாயிற்று. அங்கு ஆளுநர் தம் விருப்புரிமையைப் பயன்படுத்த வேண்டிய சூழல் எழவில்லை.

அச்சூழல் 1952-இல் சென்னையில் எழுந்தது. 375 இடங்களில் காங்கிரசுக்கு 152 மட்டுமே கிடைத்தன. தேர்தலுக்குப் பின் டி. பிரகாசம் தலைமையில் உருவான ஐக்கிய சனநாயக முன்னணி, தனக்கு 166 உறுப்பினர்களின் ஆதரவு உண்டென உரிமை கோரியது. ஆளுநர் ஸ்ரீபிரகாசா, தேர்தலிலேயே போட்டியிடாத இராஜாஜியை மேலவைக்கு நியமித்து, ஆட்சியமைக்க அழைத்தார். ஏப்ரல் 10-ஆம் நாள் அவர் முதலமைச்சரானார். இதனை எதிர்த்துப் பி. இராமமூர்த்தி தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சூலை 3-ஆம் நாள் பேரவையில் இராஜாஜி 200-க்கு 151 என்ற வாக்குகளில் பெரும்பான்மையை நிறுவினார்.

இந்நிகழ்வை எவ்வாறு மதிப்பிடுவது? இலக்கியம், கலை, சமூகப்பணி முதலிய துறைகளில் தேர்ந்தோரை மேலவைக்கு நியமிக்க அரசியலமைப்பின் 171-ஆம் பிரிவு இடமளிக்கிறது. இராஜாஜி எழுத்தாளர், எனவே சட்டத்தின் சொல் மீறப்படவில்லை. தனிப்பெருங்கட்சியை அழைத்தது தவறன்று என்பாரும் உளர். ஆனால், துறைசார்ந்த அறிஞர்களுக்கென வகுத்த இடம் அரசு அமைக்கும் வழியாகப் பயன்பட்டது. 1937-இல் ஆளுநரின் தலையீட்டுக்கு எல்லை வகுக்கக் கோரிய தலைவர், 1952-இல் ஆளுநரின் விருப்புரிமையால் பதவி பெற்றார் என்ற முரணை நாம் மறைக்க இயலாது.

பெரும்பான்மையைப் பேரவையிலேயே சோதித்தறிய வேண்டும் என்று 1994-இல் பொம்மை வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவுறுத்தியது. 1952-இல் அச்சோதனை பதவியேற்று ஏறத்தாழ மூன்று மாதங்கள் கழித்தே நிகழ்ந்தது. அந்த இடைவெளியில் ஆட்சியிலிருப்போருக்கு ஆதரவு திரட்டும் வாய்ப்பு மிகுதி. பொதுநலக் கட்சித் தலைவர் மாணிக்கவேலர் அமைச்சரவையில் இடம் பெற்றமை அதற்குச் சான்று. ஆகவே, யாரை அழைப்பது என்பதோடு, எத்தனை நாள்களுக்குள் பேரவையைச் சந்திக்கச் செய்வது என்பதும் ஆளுநரின் நடுநிலையை அளக்கும் அளவுகோலாகும் எனக் கருதுகிறோம்.