நாய்க்கும் ஒரு மகமை

திருத்தணியிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் பெருவழியில் புத்தூரைக் கடந்தால் வடமாலபேட்டை வரும். வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களுள் பலர், மலைக்குச் செல்லும்போது இவ்வூரை உறங்கியவாறே கடந்திருப்பர். 1953 வரை சென்னை இராச்சியத்தைச் சேர்ந்திருந்த பகுதி இது. பின்னர் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கியுள்ளது. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் ஊர்.

அண்மையில் அங்கே ஒரு தேநீர்க் கடையில் சிறிது நேரம் தங்கினோம். கல்லாப் பெட்டியின் அருகே, மூடியில் துளையிட்ட பால்மாவு டப்பா ஒன்று இருந்தது. கோயில் உண்டியல் என்று எண்ணிக் காசு போடச் சென்றோம். கடைக்காரர், “சாமிக்கு இல்ல சார், நாய்க்கு” என்றார். சாலையில் வண்டி மோதிக் கிடக்கும் நாய்களைத் திருப்பதியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு செல்வதற்கான ஆட்டோக் கூலியாம் அது. மனிதருக்கு எலும்பு முறிந்தால் பக்கத்திலேயே புத்தூர்க் கட்டு உண்டு. நாய்க்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். “டப்பா மாசத்துக்கு ஒருதரம் நிறையுது, நாய் வாரத்துக்கு ஒண்ணு அடிபடுது” என்றார் அவர். இரக்கத்திற்கு அங்கே குறைவில்லை. முறையான வருவாய்தான் இல்லை. இந்தக் குறையை நம் நாட்டில் முன்னரே எதிர்கொண்டவர் உண்டா என்று தேடினால், வரலாறு நம்மைப் பம்பாய்க்கு அழைத்துச் செல்கிறது.

தெருவில் திரியும் நாய்களை ஆண்டின் சில மாதங்களில் கொல்லலாம் என்று 1813இல் பம்பாயில் ஆங்கில ஆட்சியினர் விதி வகுத்தனர். 1832இல் அக்கால எல்லை ஜூன் நடுப்பகுதி வரை நீட்டப்பட்டது. கொன்ற நாய் ஒன்றுக்கு எட்டணா வெகுமதி. எட்டணா அந்நாளில் சிறு தொகையன்று. ஆதலின், தெரு நாயோடு நில்லாமல் வீட்டில் வளர்ந்த நாயையும் தேடிச் சென்று அடித்தனர்.

பார்சி மக்களுக்கு நாய் வெறும் காவல் விலங்கன்று. இறந்தவர் உடலை நாய் நோக்குமாறு செய்வது அவர்களுடைய ஈமச் சடங்கின் ஒரு பகுதி. 1832 ஜூன் 6 அவர்களுக்குப் புனித நாள். அன்று நாய் பிடிக்க வந்த காவலர்களைக் கோட்டைப் பகுதியில் மக்கள் கூடித் தாக்கினர். மறுநாள் கடைகள் அடைக்கப்பட்டன. சமணரும் இந்துக்களும் முசுலிம்களிற் சிலரும் உடன் நின்றனர். கொலாபாவிலிருந்த படையினருக்குச் செல்ல வேண்டிய உணவும் நீரும் வழியிலேயே தடைப்பட்டன. படை வந்தது, பலர் கைதாயினர். பம்பாய் நகர வரலாற்றில் இது ‘நாய்க் கலகம்’ என்றே பெயர் பெற்றுவிட்டது. பெயரைக் கேட்டு நகைப்பவர் உண்டு. கொள்கலனும் கல்லாவும் மூடிய வணிகர்களுக்கு அது நகைப்பாக இருந்திராது.

கலகம் அடங்கியபின்தான் கடினமான வினா எழுந்தது. கொல்லக் கூடாது என்றால், அந்த நாய்கள் எங்கே இருப்பது? எவர் சோறிடுவது? இவ்விடத்தில்தான் பம்பாய் வணிகர்களின் நுண்ணறிவு வெளிப்பட்டது. சர் பட்டம் பின்னாளில் பெற்ற ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் என்னும் பார்சி வணிகரும் குசராத்தி வணிகர்களும் சேர்ந்து 1834இல் புலேசுவரத்தில் ஒரு பாஞ்சராப்போல், அதாவது விலங்குப் புகலிடம், நிறுவினர். செல்வர் ஒருவர் ஒருமுறை அள்ளிக் கொடுப்பதோடு அவர்கள் நிறைவடையவில்லை. தாம் வாங்கி விற்கும் பருத்தி முதலிய சரக்குகளின் மீது தமக்குத் தாமே ஒரு சிறு தொகை விதித்துக்கொண்டனர். சந்தையில் சரக்கு நகருந்தோறும் புகலிடத்திற்குப் பணம் சேர்ந்தது. ஜீஜீபாயின் செல்வத்தில் பெரும்பகுதி சீனத்திற்கு அபினி அனுப்பிச் சேர்த்தது என்பதையும் மறைத்தற்கில்லை. நாய்க்கு இரங்கியவர் சீனருக்கு இரங்கினாரா என்று கேட்பவருக்கு நம்மிடம் விடையில்லை.

இம்முறை தமிழர்க்குப் புதிதன்று. விருதுநகரிலும் சிவகாசியிலும் நாடார் வணிகர்கள் தம் விற்பனையில் எடுத்துவைத்த மகமையை நேயர்கள் அறிவர். 1889இல் விருதுநகரில் தோன்றி, பின்னர்க் காமராசர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை, மகமையாலும் வீடுதோறும் எடுத்த பிடி அரிசியாலும் வளர்ந்தது. பள்ளிக்கும் கோயிலுக்கும் மகமை கொடுத்த நாம், நாய்க்குக் கொடுக்க நினைத்ததில்லை. அதற்குக் காரணம் தமிழர் நாயை மதியாதது என்று கூறுதல் பொருந்தாது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் நாட்டிய நடுகல்லில், வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்துக் காத்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும் கல்வெட்டு பொறித்து வைத்திருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் பெயரோடு கல்லில் நின்ற நாய், பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகராட்சி வண்டியில் ஏறியது.

சென்னை மாநகராட்சி தெரு நாய்களைப் பிடித்துக் கொல்லும் முறையை 1860இல் தொடங்கியது. பின்னாளில் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றனர். 1970களின் தொடக்கத்தில் தோல்கள் மிகுதியாகக் குவியவே, மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் நாய்த்தோலில் கழுத்துப்பட்டை, பணப்பை முதலியன செய்து பார்த்ததாக இத்துறையினர் எழுதியுள்ளனர். இத்தனைக்குப் பின்னும் நாய்களின் தொகை குறையவில்லை. ஓரிடத்து நாய் மறைந்தால் வேற்றிடத்து நாய் அங்கு வந்து குட்டி ஈனும் என்ற எளிய உண்மையே அதற்குக் காரணம்.

1959இல் பெருமழை நாளொன்றில் தியாகராய நகர்த் தெரு வெள்ளத்தில் இரு நாய்க்குட்டிகள் தத்தளித்தன. அவ்வழியே வந்த விமானி சுந்தரம் அவற்றை வீட்டிற்கு எடுத்துச் சென்றார். அவர் மனைவி உஷாவும் விமானி. 1951இல் இருவரும் இலண்டனிலிருந்து பம்பாய்க்குச் சிறு விமானம் ஓட்டி வந்து புகழ் பெற்றவர்கள். அவ்விரு குட்டிகளிலிருந்து பிறந்ததே புளூ கிராஸ். 1964இல் அது சங்கமாகப் பதிவு பெற்றது. கொல்வதற்கு மாறாகக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம் என்று அவ்வாண்டிலேயே அது மாநகராட்சிக்கு எடுத்துரைத்தது. மாநகராட்சி இசைந்து நகர் முழுவதற்கும் அம்முறையை ஏற்றது 1996இல். இடையில் 32 ஆண்டுகள்!

சட்டத்தின் கதையும் ஏறக்குறைய இத்தகையதே. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் விலங்கு வதைத் தடுப்புக்கென ஒரு தனிநபர் மசோதா கொணர்ந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதி கூறவே, அதை அவர் திரும்பப் பெற்றார். 1960இல் சட்டம் வந்தது. 1962இல் விலங்கு நல வாரியம் அவர் தலைமையில் சென்னையில் அமைந்தது. எனினும் அச்சட்டம் தெரு நாய்களைக் கொலை அறைகளில் கொல்வதை வதை என்று கொள்ளாமல் விலக்களித்திருந்தது. கருத்தடை விதிகள் 2001இல்தான் வந்தன. 2023இல் புதியன அவற்றின் இடத்தைப் பெற்றன.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பதால் ஒன்று கூறுகிறோம். ஆங்கிலத்தில் இந்நாய்க்கு வழங்கும் பழைய சொல் ‘வழி தவறியது’ என்று பொருள்படும். தமிழில் நாம் ‘தெரு நாய்’ என்கிறோம். அது வழி தவறவில்லை. அதன் இடம் தெருவே என்று நம் மொழி ஒப்புக்கொண்டிருக்கிறது. 2023ஆம் ஆண்டு விதிகள் அதனைச் சமூக விலங்கு என்று குறித்து, தமிழுக்குச் சற்று அருகில் வந்தன.

நாய் கடித்த குழந்தையின் தாயிடம் இச்சொல்லாராய்ச்சி செல்லாது. வெறிநோய் முற்றினால் மருந்தில்லை. 2025 ஆகஸ்டு 11இல் தில்லித் தெரு நாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதும் இவ்வச்சத்தால்தான். அவ்வாணை ஆகஸ்டு 22இல் மாற்றப்பட்டு, வெறிநோயுள்ளவையும் தாக்கும் இயல்பினவும் தவிர்த்து, ஏனையவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பழைய இடத்திலேயே விடுமாறு கூறப்பட்டது. அடைப்பதாயினும் விடுவதாயினும் செலவு உண்டு. 1834இல் புலேசுவரத்து வணிகர்கள் கணக்கிட்டது இதனைத்தான்.

மறுமுறை வடமாலபேட்டை வழியே சென்றபோது, பம்பாய் மகமையின் கதையைத் தேநீர்க் கடைக்காரரிடம் கூறினோம். பாலை ஆற்றிக்கொண்டே கேட்டார். “நான் மட்டும் டீக்கு ஒரு ரூபா ஏத்தினா, எல்லாரும் பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க சார். ரெண்டு கடையும் சேர்ந்து ஏத்தினா நடக்கும்” என்றார். பக்கத்துக் கடைக்காரரோடு அவருக்குப் பேச்சு வார்த்தை இல்லையாம். “நாய்க்காகன்னு போய்க் கேட்டுப் பார்க்கிறேன்” என்று சொல்லிக் கண்ணாடிக் குவளையை நீட்டினார். திருப்பதிப் பேருந்து வந்துவிட்டது.