மலைக்கோட்டையும் காமிராவும்

அரியமங்கலத்திலிருந்து திருச்சிப் பக்கம் பார்த்தபோது மலைக்கோட்டை தெரிந்தது. கூட வந்த என் மருமான் கைபேசியைத் தூக்கினான்; ஒரே தட்டு, படம் முடிந்தது! வெளிச்சம், தூரம் எல்லாவற்றையும் கருவியே யோசித்துவிட்டது.

1858-ல் இதே மலைக்கோட்டையைப் படம் பிடிக்க லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி வந்தார். சென்னை ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரர் அவர். சாமான்கள் மாட்டு வண்டிகளில் வந்தன. பிலிம் ஏது? மெழுகேற்றிய காகிதந்தான். லென்ஸின் துவாரம் எவ்வளவு இருக்கலாம், மூடியை எத்தனை நேரம் திறந்து வைக்கலாம் என்பதெல்லாம் அவர் மனக் கணக்கு. கணக்குப் பிசகினால் காகிதம் வீண். பாறைக்குத் தக்கபடி வெளிச்சம் கொடுத்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். ஆகவே நெகடிவின் மேல் தூரிகையால் மேகம் தீட்டினார். 1859-ல் கவர்னர் ட்ரெவெல்யன் இதெல்லாம் ஆடம்பரம் என்று கருதி அந்த உத்தியோகத்தையே எடுத்துவிட்டார்.

வெளிச்சத்தைத் தானே அளந்துகொள்ளும் காமிராவைக் கோடாக் கம்பெனி 1938-ல் கொண்டுவந்தது. அதற்குப் பாறையும் வானமும் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்து நடுவாக ஒரு கணக்குப் போட்டது. கையால் இயக்கும் காமிராவிலோ பாறை முக்கியமா, வானம் முக்கியமா என்று மனிதனே தீர்மானிக்க வேண்டும். பிசகினால் பழியும் அவனுக்கே.

"படம் நன்றாக வந்திருக்கிறது, மாமா" என்றான் பையன். வாஸ்தவந்தான், வந்திருந்தது. ட்ரைபோ தம் படத்தை எடுத்தார்.