வீதி மேளத்துக்கு எந்த மைக்?

ரத ஊர்வலத்துல நாதஸ்வரம், தவிலைப் பதிவு பண்ண எந்த மைக் நல்லதுன்னு பக்தர்கள் கேக்குறாங்க. பதில் மைக்கோட வரலாற்றிலேயே இருக்கு.

கண்டென்சர் மைக்கை 1916-லேயே அமெரிக்காவில் ஈ.சி. வெண்ட் உருவாக்கிட்டார். ரொம்ப நுணுக்கமா கேக்கும், ஸ்டூடியோவுக்கு அருமை. ஆனா பெரும்பாலும் 48 வோல்ட் மின்சாரம் கொடுக்கணும். வீதியில ஜெனரேட்டர், காத்து, கூட்டம் எல்லாத்தையும் சேர்த்து வாங்கிடும்.

1939-ல் ஷூர் கம்பெனியில் பெஞ்சமின் பாவர் 'யூனிடைன்' மைக்கைச் செய்தார். அது டைனமிக் வகை. முன்னால வர்ற சத்தத்தை வாங்கும், பின்னால வர்றதைக் குறைக்கும். அந்த வழியில 1966-ல் வந்ததுதான் எஸ்எம்58. கோயில் மேடைகள்ல நாம பார்த்துப் பழகின அதே மைக். தனி மின்சாரம் வேண்டாம். தவில் அடியையும் தாங்கும்.

அதனால வீதிக்கு டைனமிக் போதும்னு சொல்றோம். நாதஸ்வர அணசுக்கு ஒரு முழம் தள்ளி ஒண்ணு, தவிலுக்கு ஒண்ணு. காத்துக்கு ஸ்பாஞ்ச் உறை கட்டாயம்.

நாதஸ்வரம் வெளியில வாசிக்கவே பிறந்த வாத்தியம். ஊர்வலத்துல கேக்க மைக்கே தேவையில்ல. ஆனா வெளியூர்லேர்ந்து வந்த வித்வான்கள் பெர்மிட் முடிஞ்சு கிளம்பிட்டா, அந்த வாசிப்பு நம்ம பிள்ளைங்களுக்குப் பதிவுல மட்டும்தான் கிடைக்கும். இந்தத் திருவிழாவிலேயே பதிவு பண்ணிடுவோம். மைக் வச்சிருக்கிறவங்க கோயில்ல தொண்டர்களைப் பாருங்க.

முருகா சரணம்.