மண்ணுக்குச் செல்லும் கம்பி

பனமலைத் தளகிரீசுவரர் கோயிலில் இராசசிம்ம பல்லவன் காலத்து உமையின் ஓவியத்தைப் போற்றும் நாம், அவ்வோவியத்துக்கு அடியில் சுண்ணச்சாந்து பூசிச் சுவரைப் பக்குவப்படுத்திய கைகளை எண்ணுவதில்லை. நம் ஒலிப்பதிவு வரலாற்றிலும் இதே மறதி உண்டு. பாடியவர்களைப் பதிந்து வைத்தோம்; அக்குரலுக்கு அடியில் அமைதியை விரித்தவர்களை விட்டுவிட்டோம்.

1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் இசைத்தட்டுக்குப் பாடியபோது மின்சாரத்துக்கு அங்கு வேலையில்லை. குரலின் விசையே கூம்பின் வழியே ஊசியை அசைத்து மெழுகில் தடம் கீறியது. 1925இல் மேலைநாடுகளில் ஒலிவாங்கியும் பெருக்கியும் கொண்ட மின் ஒலிப்பதிவு வணிகத்துக்கு வந்தது. மெல்லிய குரலும் நுண்ணிய கமகமும் பிடிபடலாயின. கூடவே அழையாத விருந்தாளியாக 'ஹம்' என்னும் ரீங்காரமும் வந்து சேர்ந்தது.

ஒலிவாங்கி தருவது ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் சில கூறுகளே. அதைப் பன்மடங்கு பெருக்கும்போது, நொடிக்கு 50 சுற்று அலையும் நம் மின்சாரத்தின் சாயலும் பெருகி, 50, 100 ஹெர்ட்ஸ் முனகலாகக் கேட்கிறது. இரண்டு கருவிகள் வெவ்வேறு இடங்களில் 'எர்த்' செய்யப்பட்டு, ஒலிக்கம்பியின் உறையாலும் இணைந்திருந்தால் ஒரு வளையம் உருவாகிறது. ஓரிடத்து மண்ணுக்கும் மற்றோரிடத்து மண்ணுக்கும் உள்ள சிறு மின்னழுத்த வேறுபாடு அவ்வளையத்தில் மின்னோட்டமாகிப் பாட்டுக்குள் புகுகிறது. எல்லாக் கருவிகளின் எர்த்தையும் ஒரே புள்ளியில் சேர்ப்பது அதற்கு மருந்து. தொலைபேசித் துறையில் வளர்ந்த இரட்டைக்கம்பி முறை மற்றொன்று: இரு கம்பிகளிலும் ஒலி எதிரெதிராகச் செல்லும், இரண்டிலும் ஒன்றுபோலப் படியும் இரைச்சல் முடிவில் கழிந்துவிடும். ரீங்காரத்துக்கு அஞ்சி மின்செருகியின் எர்த்தையே வெட்டிவிடுவோரும் உண்டு. அது பாடுபவரின் உயிரைப் பணயம் வைப்பதாகும்.

மண்ணும் எல்லா இடத்திலும் ஒன்றன்று. பனமலை, செஞ்சி போன்ற கருங்கல் நிலத்தில் ஈரம் குறைவு, மின்தடை மிகுதி. ஆதலால் குழி தோண்டி, கரியும் உப்பும் இட்டு, அவ்வப்போது நீர் ஊற்ற வேண்டியிருக்கிறது.

முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் பம்பாயில்தான் உருவாயிற்று. சென்னையில் ஒலிவசதியுடன் படப்பிடிப்புத் தளம் அமைத்தவர் ஏ. நாராயணன். அவருடைய ஸ்ரீநிவாசா சினிடோனில் உருவான 'ஸ்ரீநிவாச கல்யாணம்' 1934இல் வெளிவந்தது. அங்கே ஒலிப்பதிவைக் கையாண்டவர் அவர் மனைவி மீனா நாராயணன். இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று திரை வரலாற்றாளர் குறிப்பிடும் இப்பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஒலிப்பதிவாளரின் தோல்வி எல்லோர் காதிலும் விழும். வெற்றியோ எவர் காதிலும் விழாது. பழம்பாடல்களுக்குப் பட்டியலிடும் நாம், பாடகர் பெயருக்குக் கீழே இன்னொரு வரிக்கு இடம் விடுவது நன்று.