அம்மன் காசின் தேய்ந்த முகம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குச் செல்வோர் பெரும்பாலும் பர்மாத் தேக்குப் பெட்டிகளையும் பெல்ஜியம் கண்ணாடிகளையும் பார்க்கவே செல்கிறார்கள். நாங்கள் சென்றதும் அதற்காகத்தான். ஆனால் அன்று எங்களை நெடுநேரம் நிறுத்தி வைத்தது, ஒரு கடை வாசலில் பித்தளைச் சட்டியில் குவிந்திருந்த சில்லறை. காலணா, ஓட்டைக் காலணா, இலங்கைச் சதம், மூலை மழுங்கிய மலாயாச் சதுரச் சதம் எனக் கடல் கடந்த வணிகத்தின் துணுக்குகள் எல்லாம் அதில் கிடந்தன. அவற்றின் அடியில், சுண்டுவிரல் நகம் அளவே உள்ள ஒரு செப்புத் துண்டு.

"அது அம்மன் காசுங்க. ரொம்பத் தேஞ்சு போச்சு. புளி போட்டுத் தேய்ச்சா பளிச்சுனு ஆயிடும், ஆனா அம்மன் தெரியாது" என்றார் கடைக்காரர். நல்ல காசுகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார். சட்டியில் கிடப்பவை விலை போகாவிட்டால் எடைக்குப் போய்விடுமாம்.

அம்மன் காசு புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் நாணயம். ஒரு புறம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் அமர்ந்த கோலத்தில் இருப்பாள். மறுபுறம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்றிருக்கும். இருபது காசு சேர்ந்தால் ஓரணா. ஒரு ரூபாய்க்கு 320 காசு. நவராத்திரியின்போது அரண்மனை வழங்கிய அரிசியோடு இந்தக் காசும் ஏழைகளின் கைக்குச் சென்றது. செட்டிநாடு என்றதும் இன்று சிவகங்கை மாவட்டத்தை மட்டுமே நினைக்கிறோம். நகரத்தார் ஊர்களில் பல அன்று புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குள் இருந்தன. ஆகவே காரைக்குடியில் அம்மன் காசு கிடைப்பதில் வியப்பில்லை.

நாணயம் சேகரிப்போர் இத்தகைய காசை ஒதுக்கிவிடுவார்கள். அச்சுக் கலையாமல், அம்மனின் கைகால் தெளிவாகத் தெரியும் காசுக்கே அவர்களிடம் மதிப்பு. சந்தையைப் பொறுத்தவரை இது நியாயந்தான். ஆனால் வரலாற்றைத் தேடுபவருக்கும் அதே அளவுகோல் பொருந்துமா? புதிதுபோல் இருக்கும் காசு யாரோ ஒருவர் செலவழிக்காமல் வைத்திருந்த காசு. அது அரசனைப் பற்றியும் அச்சுக்கூடத்தைப் பற்றியும் சொல்லும். மக்களைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மங்கலான காசெல்லாம் தேய்ந்த காசல்ல. அம்மன் காசுகளில் கையால் அடித்தவையும் உண்டு, பிற்காலத்தில் இயந்திரத்தில் அடித்தவையும் உண்டு. கையால் அடித்தவற்றில் அச்சு சரியாக விழாமல், பிறக்கும்போதே உருவம் இழந்தவை ஏராளம். அவற்றின் பரப்பு சொரசொரப்பாக இருக்கும். தேய்ந்த காசோ விரலுக்கு வழவழப்பாக இருக்கும். மேடான இடங்கள் முதலில் கரைந்து, பள்ளங்களில் மட்டும் உருவம் தங்கியிருக்கும். எங்கள் கைக்கு வந்தது இரண்டாவது வகை.

இதை அக்கால வெள்ளி ரூபாயோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ரூபாய் 11.66 கிராம் எடை. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அதில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் எடை குறைந்தால் சட்டப்படி செல்லாது. எனவே கையில் உள்ளவற்றில் கனமானதை வைத்துக்கொண்டு தேய்ந்ததைத் தள்ளிவிடுவதே எவருக்கும் இயல்பு. இரும்புப் பெட்டிக்குள் போன விக்டோரியாவுக்குக் கன்னம் குழையாமல் இருந்தது. அம்மன் காசைப் பூட்டி வைக்க எவருக்கும் தோன்றியிருக்காது. மடியிலும் சுருக்குப் பையிலும் கல்லாவிலும் மாறி மாறிக் கிடந்து, அது நடந்துகொண்டே இருந்தது.

தேய்ந்த காசுக்குத் தண்டனை வழங்கும் வழக்கம் இந்தப் பகுதிக்குப் புதிதுமன்று. 1898இல் புதுக்கோட்டைச் சீமையின் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் காசுகள் அவை. பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளியால் ஆழமாக வெட்டியிருக்கிறார்கள். ஏன் வெட்டினார்கள் என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த முடிவில்லை. தேய்ந்து எடை குறைந்தவற்றைப் புழக்கத்திலிருந்து விலக்கவே வெட்டினார்கள் என்பது ஒரு கருத்து; எங்களுக்கு அதுவே ஏற்புடையதாகப் படுகிறது. ஏனெனில் 1906ஆம் ஆண்டின் இந்திய நாணயச் சட்டமும் ஏறத்தாழ அதையே செய்தது. எடை குறைந்ததாகத் தோன்றும் வெள்ளிக் காசு அதற்கென அதிகாரம் பெற்றவரிடம் வந்தால், அவர் அதை வெட்டவோ உடைக்கவோ வேண்டும் என்றது. வெஸ்பாசியனுக்கும் விக்டோரியாவுக்கும் ஒரே விதி!

பிறகு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தேய்ந்தது தேயாதது என்ற வேறுபாடே இல்லாமற் போயிற்று. 1940இல் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்ட ரூபாய் வந்தது. பழைய ரூபாய்கள் அடுத்த சில ஆண்டுகளில் திரும்பப் பெறப்பட்டன. 1947இல் ரூபாய் நிக்கலாயிற்று. புதுக்கோட்டை 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. அதன்பின் அம்மன் காசுக்கு நடக்க ஊரில்லை.

அந்தக் காசைப் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டோம். (கடைக்காரர் எங்களை விநோதமாகப் பார்த்தார், ஒரு தட்டுமுட்டுச் சாவியை இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தார்.) புளி போடவில்லை. வீட்டில், மேசை விளக்கின் வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடித்துப் பார்த்ததில், அம்மன் இருந்த இடத்தில் ஒரு மேடு. திருப்பினால், மூன்று எழுத்தில் முதலாவதான 'வி' மட்டும் பாதி தெரிந்தது.