ஒன்று முதல் ஒன்பது வரை

1936 பிப்ரவரி 8ஆம் தேதி. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டலின் ஓர் அறையில் பலகை ஒன்றில் 90 பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. எல்லாரும் கல்லூரி மாணவர்கள். நீள்வட்டப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, முட்டி மோதி ஓடும் அமெரிக்கக் கால்பந்தை ஆடியவர்கள். ஒன்பது தொழில்முறை அணிகளின் உரிமையாளர்கள் வரிசைப்படி ஆளுக்கொரு பெயராகத் தேர்ந்தெடுத்தார்கள். முந்தைய ஆண்டு கடைசி இடத்தில் இருந்த அணிக்கு முதல் வாய்ப்பு. பணமுள்ள அணியே நல்ல ஆட்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போகக் கூடாது என்பதற்காக இந்த முறையை முன்மொழிந்தவர் பெர்ட் பெல். அவருடைய ஃபிலடெல்ஃபியா அணிதான் அப்போது கடைசி.

முதல் பெயராக அவர் எடுத்தது ஜே பெர்வாங்கர். சிகாகோ பல்கலைக்கழக மாணவர், சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் என்று முந்தைய ஆண்டு விருது வாங்கியவர். அவர் ஒருநாள்கூடத் தொழில்முறை ஆட்டம் ஆடவில்லை. நுரை ரப்பர் விற்கும் வேலைக்குப் போய்விட்டார்.

அந்தப் பலகையில் பெயர்கள் இருந்தன, அவற்றுக்குப் பக்கத்தில் எதுவும் இல்லை. யார் எப்படி ஆடுவான், அடிபட்டால் எழுவானா, சொன்னால் புரிந்துகொள்வானா, ஆட வருவானா என்பதற்கெல்லாம் அங்கே இடமே கிடையாது. பெயருக்குப் பக்கத்தில் இருந்த அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்ததுதான் மதிப்பீட்டுத் தாள். பிறகு அது போன தூரம் பெரிது. வழியில் அதற்கு உருவம் கொடுத்தவர் ஓர் இந்தியர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

தாளின் பிள்ளைப் பருவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நியூயார்க் ஜயன்ட்ஸ் உரிமையாளரின் மகன் வெலிங்டன் மாரா, வெளியூர்ச் செய்தித்தாள்களையும் பத்திரிகைகளையும் வரவழைத்துக் கல்லூரி ஆட்டக்காரர்களைப் பற்றிக் குறிப்பெடுத்தார். அப்போது அவருக்கு வயது இருபதுகூட ஆகவில்லை. அடுத்த பத்தாண்டில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி, எடி கோட்டல் என்பவரை இதற்கென்றே முழுநேரச் சம்பளத்தில் வைத்தது. அவர் ஊர் ஊராகப் போனார், மற்ற அணிகள் எட்டிப் பார்க்காத கல்லூரிகளுக்கும் போனார். கறுப்பின மாணவர்களுக்கான கிராம்ப்ளிங் கல்லூரியிலிருந்து 1949இல் டேங்க் யங்கர் ராம்ஸுக்கு வந்தது அந்தக் காலத்தில்தான். அப்படிப்பட்ட கல்லூரியிலிருந்து அந்தத் தொழில்முறை லீகுக்குப் போன முதல் ஆட்டக்காரர் அவர். பலகையில் அவர் பெயரை யாரும் எழுதியிருக்கவில்லை.

ராம்ஸ் அணியின் நிர்வாகத்தில் அப்போது இருந்தவர் டெக்ஸ் ஷ்ராம். பின்னர் சிபிஎஸ் தொலைக்காட்சிக்குப் போனார். 1960 குளிர்கால ஒலிம்பிக் ஸ்குவா வேலியில் நடந்தபோது, போட்டி முடிவுகளைக் கணினி கணக்கிட்டுக் கொடுப்பதை அங்கேதான் பார்த்தார். அதே ஆண்டு புதிதாகத் தொடங்கிய டல்லஸ் கௌபாய்ஸ் அணிக்குப் பொறுப்பாளராக வந்ததும், ஆள் தேடும் வேலைக்கு கில் பிராண்ட்டை அழைத்துக்கொண்டார். பிராண்ட் அதற்கு முன் பார்த்த தொழில் மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளைப் படம் பிடிப்பது. கல்லூரிகளுக்குக் கடிதம் போட்டு ஆட்டப் படச்சுருள்களை வரவழைத்துப் பார்ப்பது அவருடைய பித்து. இந்த இருவருக்கும் இருந்த தொல்லை ஒன்றே ஒன்று. வரும் அறிக்கைகள் எல்லாம் புகழ்ச்சியாக இருக்கின்றன, ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட வழியில்லை.

ஷ்ராம் ஐபிஎம் நிறுவனத்தை அணுகினார். அதன் துணை நிறுவனத்தில், கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில், இந்த வேலை சலாம் குரேஷி கையில் வந்து சேர்ந்தது. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் படித்த புள்ளியியலாளர். கிரிக்கெட் தெரியும், நம் கால்பந்து தெரியும். அமெரிக்கக் கால்பந்து பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாததே இங்கே அவருக்குக் கைகொடுத்தது என்று நான் நம்புகிறேன். ஆட்டம் தெரிந்தவர்கள் ‘அதுதான் எல்லாருக்கும் தெரியுமே’ என்று தாண்டிப்போன இடத்தில் நின்று, ‘அப்படியென்றால் என்ன?’ என்று அவரால் கேட்க முடிந்தது.

அவர் முதலில் மோதியது கணக்கோடு அல்ல, பேச்சோடு. ஒரு பயிற்சியாளர் ‘வேகமானவன்’ என்றால் நேர்கோட்டில் வேகமாக ஓடுபவன். இன்னொருவர் அதே சொல்லைச் சொன்னால் சட்டென்று திரும்பக்கூடியவன். இதைப் புரிந்துகொள்ள டல்லஸ் வரை போக வேண்டாம். காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி சாலையில் கோட்டுச்சேரி தாண்டினால் வரிச்சிக்குடி. சம்பா அறுத்து, உளுந்து தெளிக்காமல் விட்ட வயல் ஒன்றில் மாலையில் பையன்கள் பந்து ஆடுவார்கள். வரப்பில் உட்கார்ந்திருப்பவர்களின் பேச்சைக் கேட்டால் போதும்.

“மாமா, அந்த நெட்டப் பய நல்லா துடிப்பா இருக்கான் பாருங்க.”

“என்னத்த துடிப்பு? பந்து போன பெறவு ஓடுறான். அந்தக் குட்டயன் பந்து வர்றதுக்கு முன்னயே போயி நிக்கிறான், அவன்தான்டா துடிப்பு.”

இருவரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள், ஆனால் பார்ப்பது வேறு வேறு. இளையவர் காலைப் பார்க்கிறார். மாமா ஆட்டத்தை முன்கூட்டியே படிக்கும் தலையைப் பார்க்கிறார். ஒருவருடைய மதிப்பெண்ணை இன்னொருவருடையதோடு கூட்டினால் வருவது குப்பை. குரேஷி செய்தது இந்த இரண்டையும் பிரித்ததுதான்.

ஆட்டக்காரனைப் பற்றிப் பயிற்சியாளர்கள் சொல்லும் குணங்களையெல்லாம் திரட்டியபோது 300 போல வந்தன. அன்றைய கணினி அவ்வளவையும் தாங்காது. ஒன்றையே வேறு சொல்லில் சொன்னவற்றைச் சேர்த்து, அளக்க முடியாததைக் கழித்து, கடைசியில் அவர்கள் ஐந்தில் வந்து நின்றார்கள்: ஒழுக்கமும் மனத்திண்மையும், சுறுசுறுப்பும் உடல் கட்டுப்பாடும், போட்டி மனம், புத்திக் கூர்மை, பலமும் வெடித்துக் கிளம்பும் வேகமும். உயரம், எடை, ஓட்ட நேரம் ஆகியவை தனி. இந்த ஐந்தையும் ‘போட்டி மனம் எப்படி?’ என்று நேராகக் கேட்கவில்லை. களத்தில் கண்ணால் கண்டிருக்கக்கூடிய நடத்தையை வாக்கியங்களாக எழுதி, இவனுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று ஒன்று முதல் ஒன்பது வரை எண் போடச் சொன்னார்கள். தாளை, ஆள் பார்க்க வந்த பார்வையாளர் களத்தோரத்தில் நிரப்புவார், அது துளை அட்டையாக மாறிக் கணினிக்குள் போகும். எல்லாருக்கும் தாராளமாக எட்டும் ஒன்பதும் போடுபவர் யார், கை இறுக்கிப் போடுபவர் யார் என்பதும் அதில் தெரிந்துவிடும். பார்ப்பவரையும் சேர்த்து எடைபோட்ட தாள் அது. இந்த வேலை முழுதாகப் பலன் தர நான்கு ஆண்டு போலப் பிடித்தது.

1969இல் முதல் சுற்றில், 24ஆம் ஆளாக, டல்லஸ் எடுத்தது யேல் பல்கலைக்கழகத்தின் கால்வின் ஹில்லை. படிப்புக்குப் பேர்போன இடம், அங்கிருந்து முதல் சுற்றில் ஓர் ஆட்டக்காரனா என்று பலர் வியந்தார்கள். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருது அவருக்குக் கிடைத்தது. 1966 முதல் 1985 வரை இருபது பருவங்கள் தொடர்ந்து டல்லஸ் அணி தோல்வியைவிட வெற்றியே அதிகம் கண்டது. இதற்குப் பயிற்சியாளர் டாம் லாண்ட்ரியும் காரணம், வேறு பலவும் காரணம், முழுப் பெருமையையும் தாளுக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் ‘எங்க ஆளு சொன்னாரு’ என்பதைத் தாண்டி, சொன்னதை எண்ணாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும் என்று காட்டிய முதல் அணி அதுதான்.

டல்லஸிலிருந்து தாள் மற்ற அணிகளுக்குப் பரவியதும் அதன் இயல்பு மாறிற்று. அணிகள் செலவைப் பங்கிட்டுக்கொண்டு கூட்டாக ஆள் பார்க்கத் தொடங்கின. 1982இல் ஃப்ளோரிடாவின் டாம்பாவில் மாணவர்களை ஒரே இடத்துக்கு வரவழைத்துச் சோதிக்கும் முகாம் நடந்தது. 1987 முதல் அந்த முகாம் இண்டியானாபோலிஸில். நாற்பது கெஜ ஓட்டம், 225 பவுண்டு எடையை எத்தனை முறை தூக்குகிறான், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு குதிக்கிறான், பிறகு மருத்துவச் சோதனை. எல்லாம் துல்லியம். 2024இல் ஸேவியர் வொர்த்தி 4.21 விநாடியில் அந்த நாற்பது கெஜத்தை ஓடினார். நம் கணக்கில் அது 36.58 மீட்டர்.

இங்கே தாள் ஒரு பெரிய தவறான வழியில் போயிற்று என்பது என் எண்ணம். களத்தோரத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்த்து நிரப்பிய பகுதி சுருங்கி, கடிகாரமும் அளவுநாடாவும் நிரப்பிய பகுதி பெருத்தது. 2000ஆம் ஆண்டு டாம் பிரேடி என்ற ஆட்டக்காரர் அந்த நாற்பது கெஜ ஓட்டத்துக்கு எடுத்துக்கொண்ட நேரம் 5.28 விநாடி. ஆறாம் சுற்றில், 199ஆம் ஆளாகத்தான் அவரை எடுத்தார்கள். லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் போலை அவர் வென்றது ஏழு முறை. அவர் ஆடிய இடத்துக்கு ஓட்டம் முக்கியமல்ல. நாலு பேர் பாய்ந்து வரும்போது நிதானம் இழக்காமல் நின்று, யார் எங்கே இருக்கிறான் என்று பார்த்துப் பந்தை எறிய வேண்டும். குரேஷியின் ஐந்தில் புத்திக் கூர்மையும் போட்டி மனமும் இருந்தன. அவற்றைக் கடிகாரம் அளக்காது.

இனி நம் பக்கம். தாள் கடல் தாண்டி வந்ததோ இல்லையோ, ‘டிராஃப்ட்’ என்ற அந்த வரிசைத் தேர்வு முறை வந்தது. இந்தியன் சூப்பர் லீகுக்காக 2017 ஜூலை 23 அன்று மும்பையில் 205 உள்நாட்டு ஆட்டக்காரர்களின் பட்டியலிலிருந்து பத்து அணிகள் சுற்றுச் சுற்றாக ஆள் எடுத்தன. ஜாம்ஷெட்பூர் முதலில் எடுத்தது மலப்புறத்து அனஸ் எடத்தொடிகாவை, விலை 1.10 கோடி ரூபாய். சென்னையின் நந்தகுமார் சேகர் டெல்லி அணிக்குப் போனார். 2023 ஆகஸ்டில் கொல்கத்தாவின் டூரண்ட் கோப்பை ஆட்டத்தில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்கு வெற்றிக் கோல் அடித்தவர் இந்த நந்தகுமார்தான். அந்த 205 பெயரும் ஏற்கெனவே ஏதாவது கிளப்புக்கு ஆடி வெளியே தெரிந்தவர்களின் பெயர்கள். அமெரிக்காவில் டிராஃப்டுக்கு அடியில் கல்லூரி என்ற பெரிய நிலம் இருக்கிறது, ஒவ்வொரு வாரமும் பார்வையாளர்கள் அங்கே போகிறார்கள். இங்கே மேல்மாடியை முதலில் கட்டினோம்.

கீழே, வரிச்சிக்குடியில் என்ன நடக்கிறது? பள்ளியில் பி.டி. மாஸ்டர் இருக்கிறார். பையனின் பெயர், பிறந்த தேதி, உயரம், எடை, நூறு மீட்டர் நேரம் ஆகியவற்றைப் படிவத்தில் எழுதி அனுப்புகிறார். ‘செலக்‌ஷன்’ என்று நாள் குறித்தால் பையன் போய் வருகிறான். வரிச்சிக்குடி புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. அந்த ஒன்றியப் பகுதியின் அணிக்கு ஆட வேண்டுமென்றால் புதுச்சேரி வரை சுமார் 130 கிலோமீட்டர், இடையில் தமிழ்நாட்டைக் கடந்து போக வேண்டும். நண்டலாறு பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறந்த பையன் தமிழ்நாட்டுப் பட்டியலில், மயிலாடுதுறை மாவட்டக் கணக்கில். இருவரும் ஒரே வயலில் ஒரே பந்தைத்தான் உதைக்கிறார்கள்.

130 கிலோமீட்டர் பஸ்ஸில் போய் இறங்கும் பையனை அங்கே எவ்வளவு நேரம் பார்ப்பார்கள் என்று யோசிக்கும்போது எனக்கு மனது ஆறுவதில்லை. பத்து நிமிடம், அதிகமானால் ஒரு பாதி ஆட்டம். அந்தப் பத்து நிமிடத்தில் நெட்டையன் தெரிவான், ஏனென்றால் உயரமும் ஓட்டமும் முதல் பார்வையிலேயே தெரியும். பந்து வருவதற்கு முன்பே போய் நிற்கும் குட்டையன் தெரிய மாட்டான். அவனைக் கண்டுகொள்ள மாமாவைப் போல மாசி முழுக்க வரப்பில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

மாமாவின் கண்ணுக்குப் படிவத்தில் இடம் இல்லை. இதை மாற்ற கணினி வேண்டாம், கோடி ரூபாயும் வேண்டாம். உயரம், எடை, நேரம் என்ற கட்டங்களுக்குக் கீழே ஐந்து வரி சேர்த்தால் போதும். தவறவிட்ட பந்தைத் திரும்பப் பிடுங்க ஓடுகிறானா? பந்து வருவதற்கு முன் தலையைத் திருப்பி இரு பக்கமும் பார்க்கிறானா? இடது காலால் உதைக்கிறானா? தன் அணி தோற்கும்போது ஆட்டம் மாறுகிறதா? திட்டு வாங்கிய அடுத்த நிமிடம் என்ன செய்கிறான்? ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஒன்பது வரை ஓர் எண். நிரப்புவது ஒருவராக இருக்கக் கூடாது, குறைந்தது மூன்று பேர், ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல். மூன்று எண்ணும் ஒன்றுக்கொன்று விலகிப் போனால் அந்தப் பையனை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று பொருள்.

இந்தத் தாளை நிரப்ப ஆள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். ஒரு காலத்தில் கல்லூரி அணிக்கோ கிளப்புக்கோ ஆடிவிட்டு, இப்போது கடையிலும் வயலிலும் அலுவலகத்திலும் இருப்பவர்கள், மாலையில் வரப்புக்கு வந்துவிடுகிறார்கள். பி.டி. மாஸ்டர் அவர்கள் கையில் பேனாவைக் கொடுக்க வேண்டும். தேர்வாளர்கள் செய்ய வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. நிரப்பிய தாளோடு பையனைப் புதுச்சேரிக்கு வரச் சொல்வதற்குப் பதில், பருவத்துக்கு ஒருமுறையாவது அவர்கள் பஸ் ஏறிக் கோட்டுச்சேரியில் இறங்கட்டும். வருகிறவர்கள் நண்டலாற்றுக்கு அந்தப் பக்கத்துப் பையன்களையும் பார்த்து, மயிலாடுதுறைக்காரர்களுக்கு ஒரு பிரதி அனுப்பி வைக்கட்டும்.